நியூயார்க் நகரில் புகைப்பழக்கம் குறைந்தது எப்படி: வரி, தடை, ஆண்டுதோறும் ஒரு கணக்கு

நியூயார்க் நகரில் 2002இல் வயது வந்தவர்களில் 21.5 சதவீதம் பேர் புகைபிடித்தார்கள், 2010இல் அது 14 சதவீதமாக இறங்கியது என்று குறிப்பிட்டு, இந்த இறக்கத்துக்கு வரி காரணமா, பார்களிலும் உணவகங்களிலும் வந்த தடை காரணமா, சென்னை போன்ற ஒரு நகரம் இதிலிருந்து எதை எடுத்துக்கொள்ளலாம், பலன் தெரிய எத்தனை ஆண்டுகள் ஆகும் என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டு எண்களும் சரியானவைதான். புகைபிடிப்போரின் எண்ணிக்கை அந்த எட்டு ஆண்டுகளில் சுமார் நாலரை லட்சம் குறைந்ததாக நகர நிர்வாகம் கணக்கிட்டது. காரணங்களில் பெரும்பங்கு வரிக்கு உரியது என்பதில் எனக்கு ஐயம் இல்லை. ஆனால் வரியை மட்டும் நம்பிப் போனால் பாதி வழியில் வண்டி நின்றுவிடும் என்பதற்கும் அதே நகரம்தான் சாட்சி. வண்டி ஓடியதையும் நின்றதையும் அந்த நகரத்தால் உடனுக்குடன் பார்க்க முடிந்ததற்கு, யாரும் பெரிதாகப் பேசாத ஒரு தொலைபேசிக் கணக்கெடுப்பு காரணம். அதனால் பதிலை அங்கிருந்து தொடங்குகிறேன்.

1990களின் தொடக்கத்திலிருந்து ஏறத்தாழ பத்து ஆண்டுகள் நியூயார்க்கில் புகைபிடிப்போர் விகிதம் அசையாமல் அதே இடத்தில் நின்றிருந்தது. சட்டம் இல்லாத ஊர் அல்ல அது. பொது இடங்களில் புகைபிடிப்பதைக் கட்டுப்படுத்தும் நகரச் சட்டம் 1988இலேயே வந்துவிட்டது, 1995இல் அது பெரிய உணவகங்களுக்கும் விரிக்கப்பட்டது. ஆனாலும் எண் இறங்கவில்லை. 2002 ஜனவரியில் மைக்கேல் புளூம்பெர்க் மேயரானபோது புகையிலையால் அந்த நகரத்தில் ஆண்டுக்குச் சுமார் 10,000 பேர் இறந்துகொண்டிருந்தார்கள். அவர் சுகாதார ஆணையராக நியமித்த தாமஸ் ஃப்ரீடன், அதற்கு முந்தைய ஆறு ஆண்டுகளை இந்தியாவில், உலக சுகாதார நிறுவனத்தின் சார்பில் காசநோய்த் திட்டத்தில் கழித்தவர்.

இந்த இந்தியத் தொடர்பை நான் ஒரு சுவையான துணுக்காகச் சொல்லவில்லை. காசநோய்த் திட்டம் நடப்பதே பதிவேட்டின் மேல்தான். யாருக்குச் சளிப் பரிசோதனை செய்தார்கள், யாருக்கு மருந்து தொடங்கினார்கள், யார் இடையில் நிறுத்தினார், யார் குணமானார் என்று ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு பதிவு உண்டு, காலாண்டு முடிவில் அந்தப் பதிவுகளைக் கூட்டினால் எந்த வட்டாரம் பின்தங்குகிறது என்பது தெரிந்துவிடும். அந்தப் பழக்கத்தில் ஊறிய ஒருவர் புகையிலையைக் கையில் எடுத்தபோது, அறிவுரைப் பிரசுரங்களை அச்சடிப்பதற்கு முன் கணக்கெடுப்பைத்தான் நிறுவினார். 2002 முதல் நகரச் சுகாதாரத் துறை ஆண்டுதோறும் ஏறத்தாழ 10,000 பேரைத் தொலைபேசியில் அழைத்து, புகைபிடிக்கிறீர்களா, தினமுமா அவ்வப்போதா, எத்தனை சிகரெட், கடைசியாக எப்போது விட முயன்றீர்கள் என்று கேட்கத் தொடங்கியது. நாடு தழுவிய ஆய்வுகள் ஒரு நகரத்தைப் பற்றிச் சொல்லும் செய்தி தாமதமாக வரும், ஒட்டுமொத்தமாகவும் இருக்கும். இந்த ஆய்வோ எந்தப் பகுதியில், எந்த மொழி பேசுவோரிடம், எந்த வருமானத்தில் பழக்கம் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பதை ஆண்டுதோறும் சொன்னது. கீழே நான் தரும் நகர எண்களில் பெரும்பாலானவை அதிலிருந்து வந்தவை.

இனி வரி. அமெரிக்காவில் ஒரு பாக்கெட் சிகரெட்டின் மேல் மத்திய அரசு, மாநில அரசு, சில இடங்களில் நகரம் என மூன்று அடுக்காக வரி ஏறும். நியூயார்க் நகரத்தின் பங்கு 2002 ஜூலை வரை வெறும் 8 சென்ட். அதை ஒரே தாவலில் 1 டாலர் 50 சென்ட்டாக உயர்த்தினார்கள். அதே ஆண்டு ஏப்ரலில் மாநில வரியும் 1 டாலர் 50 சென்ட்டுக்கு வந்திருந்ததால், மாநிலமும் நகரமும் சேர்ந்து ஒரு பாக்கெட்டுக்கு 3 டாலர் வசூலித்தன. இங்கே அரசியலைக் கவனிக்க வேண்டும். நகரம் நினைத்த மாத்திரத்தில் வரி போட முடியாது, ஆல்பனியிலுள்ள மாநிலச் சட்டமன்றம் சம்மதிக்க வேண்டும். 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு நகரத்தின் கஜானாவில் பெரிய ஓட்டை விழுந்திருந்தது, அதை அடைக்க ஒரு வழி என்ற பெயரில்தான் இந்த உயர்வு எளிதாக நிறைவேறியது, அந்த வருவாயிலும் கிட்டத்தட்ட பாதியை மாநிலம் எடுத்துக்கொண்டது. ஆரோக்கியத்தின் பெயரில் மட்டும் கேட்டிருந்தால் அந்த வேகத்தில் கிடைத்திருக்குமா என்பது சந்தேகமே. பிறகு மாநில வரி 2008 ஜூனில் 2 டாலர் 75 சென்ட்டாகவும் 2010 ஜூலையில் 4 டாலர் 35 சென்ட்டாகவும் ஏறியது. மத்திய அரசும் 2009 ஏப்ரலில் தன் பங்கை 39 சென்ட்டிலிருந்து 1 டாலர் 1 சென்ட்டுக்குக் கொண்டுபோனதில், 2010இல் நகரத்தில் ஒரு பாக்கெட் சாதாரணமாக 11 டாலருக்கு விற்றது.

விலை ஏறினால் எல்லாரும் விட்டுவிடுவதில்லை. வளர்ந்த நாடுகளில் விலை 10 சதவீதம் ஏறினால் நுகர்வு சுமார் 4 சதவீதமும், வருமானம் குறைந்த நாடுகளில் சுமார் 5 சதவீதமும் குறையும் என்பது பொருளாதார ஆய்வுகளிலிருந்து உலக சுகாதார நிறுவனம் எடுத்துக்காட்டும் பொதுக் கணக்கு. கேட்க அற்பமாகத் தோன்றும், ஆனால் விலை 10 சதவீதத்தோடா நின்றது, அதைப் போலப் பல மடங்கல்லவா ஏறியது. மேலும் இந்தச் சராசரிக்குள் பதின்வயதினர் பெரியவர்களைவிட அதிகமாக அசைவார்கள், ஏனென்றால் அவர்கள் கையில் இருப்பது எண்ணப்பட்ட காசு, பழக்கமும் இன்னும் வேர் பிடித்திருக்காது. நகரத்தின் உயர்நிலைப் பள்ளி மாணவர்களில் 2001இல் 17.6 சதவீதம் பேர் புகைத்தார்கள், 2007இல் 8.5 சதவீதம் பேர்தான் புகைத்தார்கள். ஆறே ஆண்டில் பாதிக்கும் கீழே. நகரத்துப் பெரியவர்களின் விகிதம் இந்த வேகத்தில் விழவில்லை. பதினெட்டு வயதுக்குள் தொடங்காதவர்களில் பெரும்பாலோர் பிறகும் தொடங்குவதில்லை என்பதால், இருபது ஆண்டு கழித்து வரப்போகும் எண்ணை இந்த இறக்கமே பெரும்பாலும் தீர்மானிக்கிறது.

பார்களிலும் உணவகங்களிலும் தடை 2003 மார்ச் 30 அன்று அமலுக்கு வந்தது. அதற்கு எழுந்த எதிர்ப்பை இன்று நினைத்துப் பார்ப்பது கடினம். கலிபோர்னியா 1998இலேயே தன் பார்களில் புகையை நிறுத்தியிருந்தது உண்மைதான், ஆனால் நியூயார்க்கின் இரவு வாழ்க்கை அழிந்துவிடும், கூட்டம் ஆற்றைக் கடந்து நியூ ஜெர்சிக்குப் போய்விடும், மதுக்கடை ஊழியர்கள் தெருவுக்கு வருவார்கள் என்றெல்லாம் பேசினார்கள். தடை வந்து இரண்டு வாரத்தில், கிழக்கு வில்லேஜ் பகுதியில் ஒரு மதுக்கூடத்தின் வாயிற்காவலர் சிகரெட்டை அணைக்கச் சொன்னதில் எழுந்த தகராறில் குத்தப்பட்டு இறந்தபோது, சட்டமே அவரைக் கொன்றுவிட்டது என்று எழுதியவர்களும் உண்டு.

நகரம் இந்தச் சட்டத்துக்கு வாதாடிய விதத்தில் ஒரு நுட்பம் இருந்தது. வாடிக்கையாளரின் ஆரோக்கியத்தைப் பற்றிப் பேசியிருந்தால், பிடிக்காவிட்டால் வேறு கடைக்குப் போகட்டும் என்ற பதில் தயாராக இருந்தது. அதனால் வாதத்தைத் தொழிலாளியின் பாதுகாப்பின் மேல் நிறுத்தினார்கள். எட்டு மணி நேரம் புகைக்குள் நின்று கோப்பை கழுவும் பெண்ணுக்கு வேறு கடை என்ற தேர்வு இல்லை, அலுவலக ஊழியருக்குச் சட்டம் தரும் காற்றை அவளுக்கு மட்டும் ஏன் மறுக்க வேண்டும் என்ற கேள்விக்கு எதிர்த்தரப்பிடம் நல்ல பதில் இருக்கவில்லை. பழைய சுருட்டு பார்களுக்குச் சலுகை தந்ததையும் சேர்த்துச் சில விதிவிலக்குகள் இருந்தன, ஆனால் மொத்தத்தில் சட்டம் இறுக்கமானது. பொறுப்பும் கடையின் மேல் விழுந்தது. சாம்பல் கிண்ணம் மேசையில் இருந்தாலே கடைக்காரருக்கு அபராதம், மீண்டும் மீண்டும் மீறினால் உரிமத்துக்கே ஆபத்து என்ற நிலையில், காவலர் யாரும் உள்ளே வராமலேயே கடைக்காரர் தானே காவலராகிவிட்டார். சமையலறையில் கரப்பான் பூச்சி பார்க்க வரும் அதே சுகாதார ஆய்வாளர்தான் இதையும் பார்த்தார், தனிப்படை எதுவும் தேவைப்படவில்லை. ஓராண்டு கழித்து 2004 மார்ச்சில் நகரம் வெளியிட்ட அறிக்கையின்படி, ஆய்வு செய்த கடைகளில் 97 சதவீதம் சட்டத்தைக் கடைப்பிடித்தன, உணவகம் மற்றும் பார்களிலிருந்து வந்த வணிக வரி வசூல் 8.7 சதவீதம் கூடியிருந்தது, வேலைவாய்ப்பும் 10,600 உயர்ந்திருந்தது. அறிக்கை நகரத்தின் சொந்த அறிக்கை, 2001 தாக்குதலுக்குப் பிந்தைய மந்தத்திலிருந்து ஊர் மீண்டுகொண்டிருந்த காலமும் அது, ஆகவே அந்த வளர்ச்சியைத் தடையின் பலனாக நான் எடுத்துக்கொள்ள மாட்டேன். வியாபாரம் நொடித்துப்போகும் என்ற பயம் பொய்த்தது என்பதற்கு மட்டும் அது போதும்.

தடைக்கும் புகைபிடிப்போர் எண்ணிக்கைக்கும் என்ன தொடர்பு என்று கேட்டால், தடையால் நேரடியாக விட்டவர்கள் குறைவாகத்தான் இருப்பார்கள் என்பது என் கருத்து. ஆனால் ஜனவரிக் குளிரில் கோட்டை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்து நடுங்கியபடி இழுத்துவிட்டுப் போவது, ஒரு நாளைக்குப் பத்து சிகரெட்டை ஆறாக்கும். விட வேண்டும் என்று ஏற்கெனவே நினைத்தவருக்கு அது ஒரு தள்ளு.

அந்தத் தள்ளுக்கு ஆளானவர்களைக் கைப்பிடித்து அழைத்துப்போகும் ஏற்பாடாக 2003இல் நிக்கோட்டின் ஒட்டுப்பட்டைகளை இலவசமாகக் கொடுத்தார்கள். தினமும் பத்து சிகரெட்டோ அதற்குமேலோ புகைப்பவர்கள் ஒரு தொலைபேசி எண்ணை அழைத்தால், ஆறு வாரத்துக்கான பட்டைகள் அஞ்சலில் வீட்டுக்கு வந்தன. மருத்துவர் சீட்டு, மருத்துவமனை வரிசை எதுவும் இல்லை. சுமார் 34,000 பேர் வாங்கினார்கள். ஆறு மாதம் கழித்து அவர்களில் தொடர்புகொள்ள முடிந்தவர்களைக் கேட்டபோது 33 சதவீதம் பேர் விட்டிருந்தார்கள், பட்டை கிடைக்காத ஒப்பீட்டுக் குழுவில் 6 சதவீதம் பேர்தான் விட்டிருந்தார்கள். தொலைபேசியை எடுக்காதவர்கள் அனைவரும் மறுபடி புகைக்கப் போய்விட்டார்கள் என்றே வைத்துக்கொண்டாலும் 20 சதவீதம் நிற்கிறது. பட்டை ஒன்றும் மந்திரம் அல்ல, ஆனால் வரியும் தடையும் மனத்தில் உண்டாக்கிய எரிச்சலை அன்று மாலையே ஒரு செயலாக மாற்றிக்கொள்ள அது உதவியது.

2004இல் புகைபிடிப்போர் விகிதம் 18.4 சதவீதம். பிறகு நின்றுவிட்டது. 2005ஆம் ஆண்டுக் கணக்கில் அசைவே இல்லை. வரி ஏறி மூன்று ஆண்டு ஆகிவிட்டதால் மக்கள் புதிய விலைக்குப் பழகிவிட்டார்கள், தடையும் பழைய செய்தியாகிவிட்டது. ஆண்டுதோறும் எண்ணிக்கொண்டிருக்காவிட்டால் இந்தத் தேக்கம் ஐந்தாறு ஆண்டு யார் கண்ணிலும் படாமல் போயிருக்கும். 2006இல் நகரம் தொலைக்காட்சி விளம்பரங்களில் பணத்தைக் கொட்டியது. மிதமான அறிவுரை விளம்பரங்கள் அல்ல அவை. தொண்டைப் புற்றுநோயால் குரல்வளையை இழந்த ஒருவர் கழுத்தில் துளையோடு, இயந்திரக் குரலில் பேசும் காட்சி இரவுச் செய்திக்கு நடுவே வீட்டுக் கூடத்துக்குள் வந்தது. அருவருப்பு தரும், குழந்தைகள் பார்க்கிறார்கள் என்ற புகார்கள் வந்தன, நகரம் பின்வாங்கவில்லை. அந்த ஆண்டு எண் 17.5க்கு இறங்கி, மறுபடி நகரத் தொடங்கியது.

வரி ஒழுகும் இடத்தையும் மறைக்காமல் சொல்லியாக வேண்டும். நியூயார்க்கிலிருந்து தெற்கே சில மணி நேரம் காரோட்டினால் வர்ஜீனியா மாநிலம். அங்கே மாநில வரி நெடுங்காலம் ஒரு பாக்கெட்டுக்கு 30 சென்ட்தான் இருந்தது. அங்கே ஒரு காரின் பின்பெட்டி நிறைய வாங்கி வடக்கே கொண்டுவந்தால் பாக்கெட்டுக்கு ஐந்து டாலருக்குமேல் லாபம் பார்க்க முடியும் என்ற நிலையில் யாராவது கொண்டுவராமல் இருப்பார்களா. லாங் ஐலண்டிலுள்ள பூஸ்பட்டுக் பழங்குடிக் குடியிருப்புக் கடைகளிலிருந்து வரியில்லாமல் வெளியே வந்த சிகரெட்டுக்காக நகரம் வழக்கே தொடுத்தது. ஒவ்வொரு பாக்கெட்டின் அடியிலும் ஒட்டியிருக்கும் சிறிய வரி முத்திரையைத் திருப்பிப் பார்த்தால் அது எந்த ஊர்ச் சரக்கு என்று தெரிந்துவிடும். ஆய்வாளர்கள் தென் பிராங்ஸ் தெருக்களில் கீழே கிடந்த காலிப் பாக்கெட்டுகளைப் பொறுக்கி அந்த முத்திரையைப் பார்த்தபோது, நான்கில் ஏறத்தாழ மூன்று பாக்கெட்டுகளுக்கு நகர வரியும் மாநில வரியும் சேர்த்துக் கட்டப்பட்டிருக்கவில்லை. ஏழைகள் மிகுந்த ஒரு பகுதியில் எடுத்த மாதிரி அது, நகரம் முழுவதற்கும் பொருந்தாது. என்றாலும் வரி அதிகம் தாக்க வேண்டிய இடத்தில்தான் அது அதிகம் ஒழுகுகிறது என்ற உண்மை கசப்பானது.

ஒழுகும் சரக்கு தெருவில் எப்படி விற்கிறது என்பதை நான் நகரத்தின் குவீன்ஸ் பகுதியில் வசித்த காலத்தில் தினமும் பார்த்திருக்கிறேன். ரயில் நிலையப் படிக்கட்டின் கீழே ஒருவர் கையை ஜாக்கெட் பைக்குள் விட்டபடி நின்று, கடந்துபோகிறவர்கள் காதில் மட்டும் விழும் குரலில் ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருப்பார். ஐம்பது சென்ட்டோ எழுபத்தைந்து சென்ட்டோ கொடுத்தால் உள்ளங்கையில் ஒற்றைச் சிகரெட் வந்து சேரும். சில மூலைக்கடைகளில் பொட்டலத்தைப் பிரித்துக் கல்லாவுக்குக் கீழே வைத்துத் தெரிந்த முகத்துக்கு மட்டும் எடுத்துத் தருவார்கள். பாக்கெட்டைப் பிரித்து விற்பது சட்டப்படி குற்றம். ஆனால் 11 டாலர் கையில் இல்லாதவனுக்கு முக்கால் டாலர் சிகரெட், விலையேற்றம் மூடிய கதவுக்குப் பக்கத்தில் திறந்திருக்கும் சன்னல். அந்தச் சன்னலைக் காவல்துறையைக் கொண்டு மூடப் போனதில் நடந்த விபரீதம் உலகுக்கே தெரியும். 2014 ஜூலையில் ஸ்டாட்டன் தீவில், ஒற்றைச் சிகரெட் விற்றார் என்ற சந்தேகத்தில் எரிக் கார்னரைக் கைது செய்ய முயன்ற காவலரின் கழுத்துப் பிடியில் அவர் இறந்தார். சிகரெட் வரியை அதற்குக் காரணம் என்று சொல்வது அநியாயம், காவலரின் செயலுக்குக் காவலரே பொறுப்பு. ஆனால் சுகாதார விதி ஒன்றைத் தெருவில் ஆயுதம் தாங்கியவர்களிடம் ஒப்படைக்காமல், உரிமம் பெற்ற கடைக்காரரிடமும் மொத்த வியாபாரியிடமும் பிடிக்க வேண்டும் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

வரியால் ஏழைக்கு வரும் சுமையும் நிஜமானது. 2010, 2011 ஆண்டுகளில் நியூயார்க் மாநிலத்தில் ஆண்டு வருமானம் 30,000 டாலருக்குக் குறைந்த புகைபிடிப்போர், தங்கள் வருமானத்தில் சராசரியாக 23.6 சதவீதத்தைச் சிகரெட்டுக்குச் செலவிட்டதாக ஓர் ஆய்வு கண்டது. 60,000 டாலருக்குமேல் சம்பாதித்தவர்களுக்கு அது 2.2 சதவீதம். விட்ட ஏழைக்கு வரி நன்மை செய்தது, விட முடியாத ஏழையை அது வறுத்தெடுத்தது. வரிப் பணத்தின் ஒரு பகுதி அவர் விடுவதற்கு உதவும் சிகிச்சைக்குத் திரும்பி வந்திருந்தால் இந்தக் கணக்கை ஓரளவு நேர் செய்திருக்கலாம். பெரும்பகுதி பொதுக் கஜானாவுக்குத்தான் போனது.

மற்ற நடவடிக்கைகளை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். 2009இல் கல்லா அருகே சிதைந்த நுரையீரல் படங்களை வைக்கச் சொன்ன நகர விதியை, எச்சரிக்கை வாசகம் மத்திய அரசின் அதிகாரம் என்று கூறி நீதிமன்றம் 2010 டிசம்பரில் தள்ளுபடி செய்தது, 2012இல் மேல்முறையீட்டிலும் நகரம் தோற்றது. 2011 மே 23 முதல் பூங்காக்களிலும் கடற்கரைகளிலும் தடை வந்தது, இதை நான் பெரிய சுகாதார நடவடிக்கையாக மதிப்பதில்லை. 2014 மே மாதம் முதல் 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு விற்கக் கூடாது என்ற சட்டம் அமலுக்கு வந்தது, அந்த அளவு பெரிய நகரம் எதுவும் அதற்குமுன் அந்த வயதைத் தொட்டதில்லை. 2019 டிசம்பரில் அது நாட்டுச் சட்டமாகவே ஆனது. 2018 ஜூனில் ஒரு பாக்கெட்டின் குறைந்தபட்ச விலையை 13 டாலர் என்று நிர்ணயித்தார்கள். தள்ளுபடிக் கூப்பன்களால் விலையைக் கீழே இறக்கும் தந்திரத்தை இது அடைக்கும், ஆனால் வரியைப் போல அல்லாமல் இதில் கூடுதல் காசு கடைக்காரருக்கே போகிறது என்ற குறை உண்டு. 2019 தொடக்கத்திலிருந்து மருந்துக்கடைகளில் சிகரெட் விற்பனையே கிடையாது. புதிய கடைகளுக்குத் தரும் உரிமங்களுக்கும் பகுதிவாரியாக உச்சவரம்பு வைத்தார்கள்.

இவ்வளவும் இருந்தும் 2013இல் எண் 16.1 சதவீதத்துக்கு ஏறியது. 14லிருந்து 16 என்றால் காகிதத்தில் இரண்டு புள்ளி, தெருவில் புகைப்பவர்களின் மொத்தம் மறுபடி பத்து லட்சத்தைத் தாண்டிவிட்டது என்ற கணக்கு. சட்டம் எதுவும் தளரவில்லை, விலையும் குறையவில்லை. குறைந்தது செலவு. மாநிலத்தின் புகையிலைக் கட்டுப்பாட்டுத் திட்டத்துக்கு 2008 நிதியாண்டில் சுமார் 8.5 கோடி டாலர் ஒதுக்கியிருந்தார்கள், சில ஆண்டுகளில் அது பாதிக்கும் கீழே போய்விட்டது, தொலைக்காட்சியில் விளம்பரங்களும் அருகிப்போயின. 2014 செப்டம்பரில் நகரச் சுகாதாரத் துறை இந்த ஏற்றத்தை வெளிப்படையாக அறிவித்து, தினமும் புகைக்காமல் அவ்வப்போது புகைப்பவர்களைக் குறிவைத்துப் புதிய விளம்பரங்களைத் தொடங்கியது. அந்தக் குறிவைப்புக்கும் கணக்கெடுப்பே வழிகாட்டியது. ஒரு நாளைக்கு ஒரு பாக்கெட் என்ற கூட்டம் கரைந்து, வாரத்துக்குச் சில என்ற கூட்டம் வளர்ந்திருந்தது. இவர்கள் தங்களைப் புகைபிடிப்பவர்கள் என்றே நினைப்பதில்லை, ஆகவே பழைய விளம்பரங்கள் இவர்களிடம் பேசவில்லை. குடியேறிகளிலும் சீன மொழி பேசும் ஆண்களிடம் விகிதம் சராசரியைவிட உயர்ந்தே இருந்தது, நகரத்தின் ஐந்து பெரும் பிரிவுகளில் ஸ்டாட்டன் தீவு பல ஆண்டுகள் மேலேயே நின்றது.

சென்னையைப் பற்றிய உங்கள் கேள்விக்கு வருகிறேன். முதல் தடை, வரி போடும் கை நகரத்திடம் இல்லை. சிகரெட் மீதான வரி டெல்லியில் முடிவாகிறது, மாநகராட்சி கேட்டுப் பெறக்கூடிய ஆல்பனி கூட அதற்கு இல்லை. இரண்டாவது, பெட்டிக்கடை. நியூயார்க்கில் படிக்கட்டின் கீழ் ஒளிந்து விற்கும் ஒற்றைச் சிகரெட், நம் ஊரில் விற்பனையின் சாதாரண முறை. வாழைத்தார் தொங்கும் கம்பியின் பக்கத்தில் நுனியில் கங்கு கனன்றுகொண்டிருக்கும் கயிற்றைப் பார்த்திருப்பீர்கள், இப்போது பல கடைகளில் அந்த இடத்தில் நூலில் கட்டிய லைட்டர் ஆடுகிறது. ஒன்றை வாங்கி அங்கேயே பற்றவைத்து, டீ முடிவதற்குள் முடித்துவிட்டுப் போகிறவருக்குப் பாக்கெட்டின் மேல் 85 சதவீதத்தை அடைத்துக்கொண்டிருக்கும் எச்சரிக்கைப் படம் கண்ணில் படுவதே இல்லை, விலையேற்றமும் ஓரிரண்டு ரூபாயாகத்தான் உறைக்கும். மகாராஷ்டிரம் 2020இல் சில்லறை விற்பனையைத் தடை செய்தது. தாளில் தடை போடுவதைவிட அதைக் கடைப்பிடிக்க வைப்பது கடினம் என்றாலும், திசை அதுதான்.

மூன்றாவது வேறுபாடு இன்னும் அடிப்படையானது. 2016, 2017இல் எடுத்த தேசிய ஆய்வின்படி இந்தியாவில் வயது வந்தவர்களில் 4 சதவீதம் பேர் சிகரெட்டும், 7.7 சதவீதம் பேர் பீடியும் புகைத்தார்கள், மெல்லும் புகையிலை 21.4 சதவீதத்தினரிடம் இருந்தது. சிகரெட்டின் வரியை மட்டும் ஏற்றினால், சிகரெட்டிலிருந்து பீடிக்கு இறங்கும் படிக்கட்டை நாமே கட்டிக்கொடுத்ததாகும். நியூயார்க்கில் அந்தப் படிக்கட்டு வர்ஜீனியா வரை நீண்டிருந்தது, இங்கே அது அடுத்த தட்டிலேயே இருக்கிறது. பீடி சுற்றும் பெண்களின் வாழ்வாதாரம் என்ற வாதம் தென்காசி, திருநெல்வேலிப் பக்கம் வெறும் சாக்கு அல்ல என்பதையும் நான் அறிவேன். அதற்கு விடை மாற்றுத் தொழிலில் இருக்கிறது, பீடியை மலிவாக வைத்திருப்பதில் இல்லை.

வரி கைவசம் இல்லாத மாநகராட்சி என்ன செய்யலாம் என்றால், கடைப் பக்கம் நிறையச் செய்யலாம். புகையிலை விற்கத் தனி உரிமம் வேண்டும் என்றும், அந்தக் கடையில் குழந்தைகளை ஈர்க்கும் மிட்டாய், பிஸ்கட், குளிர்பானம் இருக்கக் கூடாது என்றும் உள்ளாட்சிகள் விதி செய்யலாம் என மத்திய சுகாதார அமைச்சகம் 2017இல் மாநிலங்களுக்கு எழுதியது. அதை உண்மையாகவே நடைமுறைப்படுத்தினால் கல்வி நிறுவனங்களைச் சுற்றி 100 கெஜத்துக்குள் விற்கக் கூடாது என்ற 2003ஆம் ஆண்டுச் சட்டப் பிரிவுக்கும் பல் முளைக்கும், ஏனென்றால் பிடிக்க ஓர் உரிமம் இருக்கும். பொது இடத்தில் புகைத்தவரிடம் 200 ரூபாய் வசூலிப்பதைவிட, சாம்பல் கிண்ணம் வைத்த விடுதியின் உரிமத்தைக் கேள்விக்குள்ளாக்குவது பலமடங்கு பலன் தரும். இவை எல்லாவற்றுக்கும் முன்னால், வட்டாரவாரியாக, சிகரெட், பீடி, மெல்லும் புகையிலை என்று பிரித்து, ஆண்டுக்கு ஒருமுறை சென்னை தன்னையே எண்ணிக்கொள்ள வேண்டும். இருக்கும் தேசிய ஆய்வுகள் பல ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் வருகின்றன, அவை மாநிலத்தைச் சொல்லும், ராயபுரத்தையும் வேளச்சேரியையும் தனித்தனியே சொல்லாது.

பலன் எப்போது தெரியும் என்றால், எந்த நோயைப் பார்க்கிறோம் என்பதைப் பொறுத்தது. இதயத்துக்கு நினைவு குறைவு. நியூயார்க் மாநிலத்தில் புகைத் தடை வந்த மறு ஆண்டான 2004இலேயே மாரடைப்புக்காக மருத்துவமனையில் சேர்ந்தவர்கள், தடை இல்லாவிட்டால் எதிர்பார்த்திருக்கக்கூடிய எண்ணிக்கையைவிட 8 சதவீதம் குறைந்தார்கள் என்று ஆய்வு கண்டது. நுரையீரல் அப்படி மறக்காது. விட்ட பிறகும் புற்றுநோய் அபாயம் மெதுவாகத்தான் இறங்கும், நகரத்தின் இறப்புக் கணக்கில் அது தெரிய 15, 20 ஆண்டுகள் ஆகும். 2002இல் விட்ட நியூயார்க்வாசிகளின் நுரையீரல் இன்றும் அந்தக் கடனை அடைத்துக்கொண்டிருக்கிறது.